இருபது கட்டத்து வரி

என் தோழிக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்பதை அவள் வீட்டாருக்கு முன்னால் நான்தான் கண்டுகொண்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் எனக்குப் போன் செய்வாள். பல வருடப் பழக்கம் அது. அந்த வருடம் மழைக்காலத்தில் அவள் பேச்சு ஒரு மாதிரி ஆகியிருந்தது. "உங்க பக்கம் மழையாடி?" என்று கேட்டால், "ஆமா, அண்ணன் வேலைக்குப் போறாரு, நல்லா இருக்காரு" என்பாள். நான் சிரித்தால் அவளும் சிரிப்பாள், ஆனால் கொஞ்சம் பிந்தி.

பிறகு ஒரு ஞாயிறன்று, "இன்னா? இன்னாடி சொல்ற? போன் சரியில்ல" என்று நாலைந்து முறை கேட்டுவிட்டு, "சரி, அப்புறமா பேசறன்" என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு அவளிடமிருந்து போன் வரவில்லை. நான் அடித்தாலும் எடுப்பதில்லை. மணி அடிப்பதே அவளுக்குக் கேட்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கோபமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. எனக்கு மூன்று வயதில் அம்மை போட்டுப் போனது. ஆறு வயதில் இருவரையும் ஒரே விடுதிப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்து, ஒரே புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கமாக விரல் வைத்துப் படித்து வளர்ந்தோம். வகுப்பிலேயே அவள்தான் வேகம். இடது கை அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடித்திருக்கும்போதே வலது கை இந்த வரியை முடித்துக்கொண்டிருக்கும். பிரெய்ல் வாசிப்புப் போட்டி என்றால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் போட்டி போடுவோம்.

படிப்பு முடிந்ததும் எனக்கு ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. கல்யாணமாகி பாகூர்ப் பக்கம் வந்துவிட்டேன். அவளுக்கு வேலையும் அமையவில்லை, கல்யாணமும் அமையவில்லை. சுத்துக்கேணிப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கே போய், அப்பா அம்மா இருந்தவரை அவர்களோடும், பிறகு அண்ணன் குடும்பத்தோடும் இருந்தாள். அண்ணன் கரும்பு ஆலை லாரி ஓட்டுகிறார். அண்ணி நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்.

அந்தக் காலத்தில் நாங்கள் கடிதம் எழுதிக்கொள்வோம். தடித்த தாளைப் பிரெய்ல் சிலேட்டில் மாட்டி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கும் கடிதங்கள். பார்வையற்றோர் தபால் என்று மேலே எழுதினால் ஸ்டாம்பு வேண்டாம். மாதம் இரண்டு கடிதமாவது வரும். பிறகு பேசும் போன் வந்தது. தொட்டால் எதைத் தொட்டோம் என்று சொல்லும், வந்த செய்தியைப் படித்துக் காட்டும். நான்தான் அவளுக்கும் ஒன்று வாங்கவைத்து, உபயோகிக்கக் கற்றுக்கொடுத்தேன். "இனிமே எதுக்குடி இந்தக் குத்து வேல?" என்று சொன்னதும் நான்தான். என் சிலேட்டை யாருக்கோ கொடுத்துவிட்டேன். யாருக்கு என்றுகூட நினைவில்லை.

போன் வராமல் இரண்டு மாதம் ஆன பிறகு, ஒரு சனிக்கிழமை புறப்பட்டுப் போனேன். பாகூரிலிருந்து புதுச்சேரி, அங்கிருந்து வில்லியனூர் வழியாகப் போகும் பஸ். இறங்கி விசாரித்ததும் யாரோ போய்ச் சொல்ல, நிறுத்தத்துக்கு அண்ணி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அவங்களுக்குச் சுத்தமா காது கேக்கல. டாக்டருகிட்ட காட்டிட்டோம். உள்ள நரம்பு போயிடிச்சாம். மிஷின் வெச்சாலும் பிரயோசனமில்லன்னுட்டாரு."

"எனக்கு ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"இன்னான்னுக்கா சொல்றது?"

அவள் பின்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்த் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து, மணிக்கட்டில் இருக்கும் பழைய தழும்பைத் தடவிப் பார்த்தாள். பள்ளியில் ஸ்டவ்வில் சுட்டுக்கொண்ட தழும்பு. "நீயாடி?" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை அல்லவா, அதனால் தெரு முழுக்கக் கேட்கும் அளவுக்குக் கத்தினாள்.

அந்த வீட்டில் அவளுக்கென்று சில தட்டல் குறிகள் இருந்தன. தோளில் ஒரு தட்டு தட்டினால் சாப்பாடு. இரண்டு என்றால் குளியல். கையைப் பிடித்து இழுத்தால் வெளியே யாரோ வந்திருக்கிறார்கள். அண்ணி யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த வழி அது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இந்த வூட்ல எனக்கு மூணே வார்த்ததான்டி மிச்சம்" என்றாள் அவள்.

நான் பதில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? பார்வை இருப்பவர்கள் என்றால் உள்ளங்கையில் எழுத்தை வரைந்து காட்டலாம். எங்கள் இருவருக்கும் அச்செழுத்தின் வடிவமே தெரியாது. சும்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று பள்ளியில் இருந்த பிரெய்ல் டைப்ரைட்டர் ஞாபகம் வந்தது. அதில் ஆறு விசைகள், ஆறு புள்ளிகளுக்கு. அவள் கைகள் இரண்டையும் தொடைமேல் விரித்து வைத்தேன். இடது கையில் மூன்று விரல், வலது கையில் மூன்று விரல். என் விரல்களை அவற்றின் மேல் வைத்து, எழுத்துக்குரிய புள்ளிகளை மட்டும் அழுத்தினேன். முதல் எழுத்து அவளுக்குப் புரியவில்லை. மறுபடி அழுத்தினேன். இரண்டாவது எழுத்தில் பிடித்துக்கொண்டாள். "சா... ப்... சாப்ட்டியாவா? சாப்ட்டியான்னா கேக்கற?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணி பயந்துபோய் அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தார்.

அன்று மாலைவரை அழுத்திக்கொண்டே இருந்தேன். விரல் வலித்தது. பிரெய்ல் மறந்துபோய் நடுநடுவே தப்பாக அழுத்தினேன். "இது ளகரம்டி, ழகரம் அதுவா?" என்று அவள் திருத்தினாள். அண்ணிக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். அவர் ஒரு வாரம் முயன்றார். பிறகு வேலைக்குப் போய்விட்டு வந்து எழுத்து எழுத்தாக அழுத்த அவருக்கு முடியவில்லை.

மாதம் ஒருமுறைக்கு மேல் என்னாலும் போக முடியவில்லை. அதனால் புதிதாக ஒரு சிலேட்டு வாங்கி மறுபடி கடிதம் எழுத ஆரம்பித்தேன். மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை. நேரில் போய்க் கேட்டபோது அவள் கடிதமே வரவில்லை என்றாள். அண்ணியிடம் கேட்டேன்.

"கவர்ல தாளு வந்துச்சுக்கா. பிரிச்சிப் பாத்தேன், வெறும் வெள்ளத் தாளு. ஒண்ணுமே எழுதல. யாரோ தெரியாம அனுப்பிட்டாங்கன்னு அலமாரியில விரிச்சி, மேல டப்பாவ அடுக்கிட்டேன்."

டப்பாக்களை நகர்த்தி அந்தத் தாள்களை எடுத்துக் கொடுத்தார். எடை தாங்காமல் புள்ளிகள் மழுங்கிப் போயிருந்தன. என் தோழி ஒவ்வொன்றையும் நகத்தால் நெருடிப் பார்த்தாள். "பாதி தெரியுது" என்றாள். மறு பாதியை நான் சொல்லவேண்டியிருந்தது. நானே மறந்துவிட்டிருந்தேன்.

வருடா வருடம் எங்கள் ஆட்கள் வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவோம். பார்வையற்றோர் சங்கத்தின் ஆண்டு விழா. மண்ணாடிப்பட்டிலிருந்தும், கரையாம்புத்தூரிலிருந்தும், பாகூரிலிருந்தும் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துப் பஸ் இறங்கி வருவார்கள். காலையில் போட்டிகள். கயிறு பிடித்து ஓடுவது, சதுரங்கம், பாட்டு, பிரெய்ல் வாசிப்பு. மத்தியானம் பிரிஞ்சிப் பொட்டலம். சாயங்காலம் சிறப்பு விருந்தினர் வந்து, உங்களுக்கு அகக்கண் இருக்கிறது என்று பேசிவிட்டுப் போவார். எல்லாரும் கை தட்டுவோம். அப்படியிருந்தும் எங்களுக்கு அந்த விழா பிடித்திருந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்களில் யாரும் யாரிடமும் வழிவிடச் சொல்லி நிற்க வேண்டியதில்லை. இடித்துக்கொண்டால் இருவரும் சிரிப்போம்.

அந்த வருடம் அவளையும் அழைத்துப்போனேன். வாசிப்புப் போட்டியில் பெயர் கொடுத்தேன். மணி அடித்ததும் நான் அவள் தோளில் தட்ட, அவள் வாசிக்க ஆரம்பித்தாள். வேகம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் குரல் எங்கேயோ ஏறி எங்கேயோ இறங்கியது. சொற்களின் கடைசி எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். யார் என்று தெரியவில்லை, சிரித்தவர்களுக்கும் அவள் கதை தெரிந்திருக்காது. நடுவர், உச்சரிப்பு தெளிவில்லை என்று பரிசு தரவில்லை. அவள் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, "எனக்கா முதல் பரிசு?" என்று கேட்டாள். நான் அவள் விரலில் "ஆமா" என்று அழுத்தினேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசையில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சில கருவிகளை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் பார்வை இல்லை. அதில் ஒன்று, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. முன்பக்கம் வரிசையாக இருபது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஊசிமுனை போன்ற புள்ளிகள் எழும், அடங்கும். போனில் வரும் செய்தி அந்த வரியில் பிரெய்லாக எழுந்து நிற்கும். படித்துவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் அடுத்த இருபது எழுத்து. மேலே ஆறு விசைகள் இருந்தன, பதில் எழுத.

அவள் கைகளை அதன்மேல் வைத்தேன். "என்ன அனுப்பணும் சொல்லுங்க" என்றார் அவர். சாப்பாடு எப்படி என்று கேட்கச் சொன்னேன். அவர் போனில் சொன்னதும் கட்டங்களில் புள்ளிகள் சரசரவென்று எழுந்தன. அவள் விரல்கள் ஓடின.

"பிரிஞ்சியில உப்பே இல்ல!" என்று மண்டபம் அதிரச் சொன்னாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. சமையல்காரரும் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள்.

அவர் போனில் அன்றைய செய்தித்தாளைத் திறந்து கொடுத்தார். அவள் நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். கால் மணி நேரம் ஆனது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தார்கள். நான் தோளைத் தொட்டேன். "இர்டி, இந்த ஒரு வரி" என்றாள். மறுபடி தொட்டேன். "இந்த ஒரு வரிடி." கடைசியில் அவர் மெதுவாக அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அவரும் மனசில்லாமல்தான் செய்தார்.

அதன் விலை எங்கள் இருவர் வீட்டாலும் நினைத்துப்பார்க்க முடியாதது. சங்கம் மூலமாக அரசுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விண்ணப்பித்தோம். அவளிடம் இருந்த சான்றிதழில் பார்வை இல்லை என்று மட்டும்தான் இருந்தது. காதும் இல்லை என்று புதுச் சான்றிதழ் வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரிக்கு நாலு நடை. சத்தம் கேட்கும்போது பட்டனை அழுத்துங்கள் என்று அவள் காதில் எதையோ மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்தார்கள். அவள் ஒருமுறைகூட அழுத்தவில்லை. வெளியே வந்து, "எப்பத்தான்டி ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டாள்.

விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர் என்னிடம் கேட்டார்: "படிக்கறாங்களா?"

"இல்லீங்க."

"வேலை செய்யறாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இவங்களுக்கு எதுக்கும்மா? இதெல்லாம் ஸ்டூடன்ட்ஸுக்கும் எம்ப்ளாயிஸுக்கும் வர்றது."

"பேசறதுக்குங்க" என்றேன்.

அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பிடி ஒரு கட்டம் ஃபாரத்துல இல்லையேம்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அதை எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடம் போனது. பிறகு யாரோ ஒரு கொடையாளர் மூலம் சங்கத்துக்கு அந்தப் பெட்டி ஒன்று வந்தது. அடுத்த ஆண்டு விழாவில் அவளை மேடை ஏற்றிக் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கும்போது பெட்டியின் பேட்டரி கழன்று விழுந்தது, மறுபடி மாட்டி மறுபடி எடுத்தார்கள். அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வாரம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம். நான் பஸ்ஸில் போகும்போது, அலுவலகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, போனில் வாயால் சொல்வேன், அது எழுத்தாகிப் போகும். ஆபரேட்டர் என்று பெயர்தானே தவிர எனக்கு வரும் அழைப்புகள் குறைந்துபோய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அவள் ஆறு விசையில் எழுதி அனுப்புவதை என் போன் படித்துக் காட்டும். அவள் கேட்காத கேள்வி இல்லை. பாகூர் ஏரி ரொம்பிச்சா? உன் வீட்டுக்காரர் இன்னமும் குறட்டை விடறாரா? புதுசா என்ன பாட்டு வந்திருக்கு, வரியைச் சொல்லு. அண்ணியிடமும் பேசினாள். அண்ணி போனில் பேச, அது போய்ப் புள்ளியாக எழ, "குழம்புல புளி ஜாஸ்தின்னு இத்தன வருசமா சொல்லணும்னு இருந்தன், கோச்சிக்காத" என்று இவள் சொன்னாளாம். அண்ணி அதை எனக்குப் போன் செய்து சொல்லிச் சிரித்தார்.

ஒரு நாள் காலையில் எங்களோடு விடுதியில் இருந்த மூன்றாவது தோழியைப் பற்றிக் கேட்டிருந்தாள். "அவ எப்பிடி இருக்கா? நம்பர் அனுப்பு." அவள் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை விரலில் அழுத்திப் பேசிய நாட்களில், அத்தனை கஷ்டப்பட்டு அழுத்தும் சொற்களில் ஒரு சாவையும் அழுத்த எனக்கு மனம் வரவில்லை. இப்போது மறைக்க வழியில்லை. சொன்னேன். "எப்ப?" என்று வந்தது. மூணு வருஷம் ஆச்சு என்றேன். நெடுநேரம் கழித்து வந்த பதிலை என் போன் அதன் உணர்ச்சியில்லாத குரலில் படித்தது: "மூணு வருசமா தெனம் ஜெபத்துல அவளுக்கு நல்ல சொகத்தக் குடுன்னு கேட்டுக்கினு இருக்கன்."

இரண்டு நாள் எழுதவில்லை. மூன்றாம் நாள், வேறு யாராவது செத்திருந்தால் இப்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடு என்று எழுதினாள். சொன்னேன். பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர், விடுதியில் சமைத்தவர், இன்னும் இருவர்.

பெட்டியின் தொல்லை அதற்கப்புறம் தொடங்கியது. போன் தானாகவே ஏதோ அப்டேட் செய்துகொண்டது. அன்று முதல் தமிழ் வரவில்லை, கட்டங்களில் ஏதேதோ புள்ளிக்குவியல். அண்ணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் போய், போனின் பேச்சைக் கேட்டுக் கேட்டு, எங்கோ உள்ளே போய்த் தமிழை மறுபடி வைத்தேன். அடுத்த மாதம் மறுபடி அதே கதை. என் காது இல்லாமல் அந்தப் பெட்டியை அவளால் சரிசெய்துகொள்ளவே முடியாது. காது இல்லாதவளுக்காக வந்த பெட்டி அது.

பிறகு புள்ளிகள் படுக்க ஆரம்பித்தன. வேர்வையோ, களத்துத் தூசியோ உள்ளே போயிருக்க வேண்டும். முதலில் ஏழாவது கட்டத்தில் மூன்றாம் புள்ளி எழவில்லை. மூன்றாம் புள்ளி இல்லாவிட்டால் பிரெய்லில் ககரம் அகரமாகிவிடும், மகரம் சகரமாகிவிடும். அவள் ஊகித்துப் படித்தாள். "ஏழாவது எழுத்து குடிகாரன்டி, அவன் சொல்றத நம்பறதில்ல" என்று எழுதினாள். ஒரு மாதத்தில் பாதிக் கட்டம் அப்படி ஆகிவிட்டது.

சங்கம் பெட்டியைப் பழுது பார்க்க அனுப்பியது. உள்ளே மாற்ற வேண்டிய பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று பதில் வந்தது. வாரா வாரம் நான் போன் செய்தேன். "வந்துடும்மா" என்பார்கள். மழைக்காலம் போய், வெயில் வந்து, மறுபடி மழைக்காலம் வந்தது.

அந்த ஒரு வருடத்தில்தான் சர்க்கரை அவளை முழுதாகப் பிடித்தது. ஏற்கெனவே இருந்ததுதான். கால் விரலில் ஒரு புண் வந்து ஆறவில்லை. ஒருமுறை நான் போயிருந்தபோது வழக்கம்போல அவள் விரல்களில் அழுத்தினேன். "மழ நல்லா பெய்யுதுடி" என்று அழுத்தினேன். அவள், "மறுபடி சொல்லு" என்றாள். மறுபடி அழுத்தினேன். "இன்னாடி, இன்னிக்கி இவ்ளோ மெதுவா அழுத்தற? உடம்பு சரியில்லயா?" என்றாள். நான் மெதுவாக அழுத்தவில்லை. என் விரல் நோகும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து அண்ணியிடம் கேட்டேன்.

"போன மாசம் சூடான டம்ளர அப்பிடியே பிடிச்சிக்கினு உக்காந்திருந்தாங்கக்கா. நான்தான் பாத்துப் பிடுங்கினேன். மூணு விரலு கொப்புளிச்சிப் போச்சி. அவங்களுக்குத் தெரியவே இல்ல. சக்கரையில நரம்பு மரத்துப் போச்சின்னு சொல்றாங்க."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"எப்பிடிக்கா சொல்றது?"

பெட்டி தை மாதத்தில் திரும்பி வந்தது. சங்கத்திலிருந்து நானே வாங்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, என் போனோடு இணைத்து, ஒவ்வொரு கட்டமாகத் தடவிப் பார்த்தேன். இருபது கட்டமும் புதுசு போல் இருந்தது. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

அவள் மடியில் வைத்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைகளைச் சேலையில் தேய்த்துக்கொண்டு வரியின்மேல் வைத்தாள். நான் போனில், "எப்பிடி இருக்க, சொல்லு" என்றேன். புள்ளிகள் எழும் சத்தம் எனக்குக் கேட்டது. என் கை அவள் கைமேல் இருக்க, அவள் இடது கோடியிலிருந்து வலது கோடிவரை தடவினாள். மறுபடி முதலிலிருந்து தடவினாள். விரலை மாற்றி நடுவிரலால் தடவினாள். பிறகு சுண்டுவிரலால்.

"புள்ளியே இல்லடி. ஒரே கோடு மாதிரி இருக்குது. வழவழன்னு."

நானும் தடவிப் பார்த்தேன், புள்ளிகள் எழுந்தே நின்றன.

"மிஷினு இன்னும் சரியாவலியா?" என்று கத்தினாள்.

உணர்வு மணிக்கட்டுக்கு மேலே இன்னும் இருந்தது. அவளுடைய இரண்டு மேல்கைகளிலும், பக்கத்துக்கு மூன்று இடமாக, ஆறு புள்ளிகளை வைத்துக்கொண்டு மெதுவாக அழுத்தினேன். இரண்டு மூன்று எழுத்துவரை அவளால் சேர்க்க முடியும், அதற்குமேல் போனால் கலைந்துவிடும். உண்மையைச் சொல்ல எத்தனை எழுத்து வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். "இல்ல" என்று மட்டும் அழுத்தினேன்.

"சரி செய்யாமயா அனுப்பினானுங்க? திருப்பி அனுப்பு. இன்னிக்கே அனுப்பு."

அண்ணி வாசற்படியில் நின்றிருந்தார். போகும்போது பஸ் நிறுத்தம்வரை வந்து, "பொய்ன்னாலும் நல்லதுதான்க்கா" என்றார். நல்லதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று அவளிடம், குறை உன் விரலில்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

பெட்டியைச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்தேன். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு அது தேவைப்பட்டது. அந்த வருட விழாவில் அவளை மேடையேற்றிக் கொடுத்தார்கள். கை தட்டினேன். அந்தப் பெண் என்னைத் தேடி வந்து, "இத யூஸ் பண்ணவங்க எங்கக்கா? தேங்க்ஸ் சொல்லணும்" என்றாள். என் தோழிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிரிஞ்சிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் அவள் முதலில் கேட்பது, "மிஷினு வந்துச்சா?" என்பதுதான். நான் மேல்கையில் "இல்ல" என்று அழுத்துவேன். "வெளிநாட்டுல இருந்து வரணுமில்ல, லேட்டாவும்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அப்படி நாலைந்து முறை. ஒருமுறை கேட்கவில்லை. மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அடுத்த முறையும் கேட்கவில்லை. அவளுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்ததா இல்லையா என்பதை அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வழியில்லை.

போன மாதம் போயிருந்தேன். என் பதிலுக்குக் காத்திருப்பதை அவள் விட்டுவிட்டாள். என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். விடுதியில் மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தம், பாட்டு வாத்தியாரின் ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அமுங்கியபடியே இருந்தது, யாரோ கொண்டுவந்த கொய்யாப்பழம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போனாள். சில விஷயங்கள் நடந்தவை, சிலவற்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. நடுவில் எதையோ சொல்லலாம் என்று மேல்கையில் அழுத்தினேன். அவள் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணி சொன்னார். தோளில் தட்டினேன். கையை எடுத்துக்கொண்டேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க போங்கக்கா. அவங்க இப்ப இப்பிடித்தான்" என்றார் அண்ணி.

வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன். பின்கட்டிலிருந்து அவள் குரல், "கேக்கறியாடி?" என்று நடுவில் ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. தெருமுனைவரை அது கேட்டது. பிறகு ஒரு டிராக்டர் வந்தது.